குவாகுவாக்காரர்

இரட்டைக் கட்டில் விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து ஒடாலிஸ் உதறிக்கொண்டிருந்தபோது ஏப்ரன் பையில் இருந்த போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் போன் எடுக்கக்கூடாது. எதிரே மற்ற இரண்டு முனைகளைப் பிடித்திருந்தவள் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள். ஒடாலிஸ் விரிப்பைக் கீழே விட்டுவிட்டுச் சலவை இயந்திரத்தின் பின்னால் போய் நின்று போனைக் காதில் வைத்தாள். அண்ணனின் எண். பேசுவது அவளுடைய ஆறு வயது மகள் லியானெத். பதிவு செய்து அனுப்பிய குரல், எட்டு நொடி.

"அம்மா, மாமா எந்திரிக்க மாட்டேங்கறாரு. கூப்பிட்டா பேசவும் மாட்டேங்கறாரு. குவாகுவா விழுந்துடுச்சு. நீ சீக்கிரம்..."

அதோடு நின்றது. திருப்பிக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. மூன்று தடவை கூப்பிட்டாள், மூன்று தடவையும் அதே பெண் அதே மரியாதையோடு அதையே சொன்னாள்.

குவாகுவா என்றால் பஸ். கியூபாவில் பிறந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் ஒடாலிஸின் அண்ணன் எவெலியோ, மத்தான்சாஸில் இருபத்துநான்கு வருஷம் குவாகுவா ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் சிலி நாட்டுக்கு வந்து சேர்ந்தார். சாந்தியாகோவில் தங்கையின் ஒற்றை அறை வீட்டில் தங்கி, அவள் சலவைக்கூடத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். ஒடாலிஸின் கணவன் ரெய்னியருக்கு வடக்கே சுரங்கத்தில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவான். இன்று கைக்குழந்தை மத்தேயோவுக்குத் தடுப்பூசி. லியானெத்துக்குக் குளிர்கால விடுமுறை. இருவரையும் பத்து மணி பஸ்ஸில் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போவதாக எவெலியோ காலையில் சொல்லியிருந்தார்.

இப்போது மணி பத்தே கால். பஸ் கவிழ்ந்துவிட்டது, அண்ணன் அசையவில்லை, பிள்ளைகள் உள்ளே கிடக்கிறார்கள். எட்டு நொடிப் பேச்சிலிருந்து இவ்வளவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேசிய வாயில் ரத்தம் இருந்திருக்குமோ என்று நினைத்தாள்.

மேற்பார்வைக்காரி ஹிமேனா அவள் முகத்தைப் பார்த்ததும் திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"என்னடி?"

"என் பிள்ளைங்க. விபத்து."

"போ. இங்க நான் பாத்துக்கறேன். கோட்டை எடுத்துட்டுப் போடி."

கோட்டை எடுக்கவில்லை. ஜூலை மாதக் குளிரில் அரைக்கை ஏப்ரனோடு பெரிய சாலைக்கு ஓடினாள். சாலை வழக்கம்போல இருந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் இல்லை, கூட்டம் இல்லை. சோளரொட்டி விற்பவன் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தான். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. அந்த ஒழுங்குதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. எங்கேயோ நடந்து முடிந்து, எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுக்கொண்டு போயும்விட்டார்கள் என்று தோன்றியது. அங்கும் இங்கும் ஓடினாள். நான்கு நிறுத்தம் தள்ளி, பச்சைச் சட்டை போட்ட பஸ் கம்பெனி ஆள் ஒருவர், தலை நரைத்தவர், அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஐயா, குவாகுவா விழுந்துடுச்சாம். போன் வந்துச்சு. எங்க கொண்டுபோனாங்க?"

"அடப்பாவமே. உங்க குவாகுவாவா?"

"என் பிள்ளைங்க, என் அண்ணன். எல்லாரும் அதுலதான்..."

அவருக்குக் கடைசியில் சொன்னது புரியவில்லை. இருந்தாலும் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"பதறாதீங்கம்மா. குவாகுவான்னா விழத்தான் செய்யும். என் பேத்தி கட்டில்லேருந்து விழாத நாளே கிடையாது. எத்தனை மாசம்?"

ஒடாலிஸ் அவர் வாயையே பார்த்தாள்.

"எத்தனை மாசம்மா ஆச்சு குவாகுவாவுக்கு?"

இந்த நாட்டில் குவாகுவா என்றால் கைக்குழந்தை. அழுகிற சத்தத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு மிக்ரோ என்று வேறு பெயர். ஒடாலிஸுக்கு இது தெரியாமல் இல்லை, வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் மூன்று வருஷமாக அதை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து லியானெத் தம்பியைக் குவாகுவா என்று கூப்பிடும்போதெல்லாம் இவள், "அது பாப்பா. குவாகுவான்னா பஸ். வீட்டுக்குள்ள நம்ம பேச்சு" என்பாள். எவெலியோ மட்டும் மருமகள் கட்சி. "விடேன்டி. அங்கயும் எனக்குக் குவாகுவாதான், இங்கயும் குவாகுவாதான். நாட்டை மாத்தினேன், வேலைய மாத்தல" என்று மத்தேயோவைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிப்பார்.

விழுந்தது மத்தேயோ. பஸ்ஸில் யாரும் ஏறவே இல்லை. வீட்டில்தான் இருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு எதிர்த் திசையில் இருபது நிமிஷம் ஓடியிருக்கிறாள்.

திரும்பி ஓடினாள். பஸ் கவிழ்ந்திருந்தால்கூடச் சுற்றிலும் நாலு பேர் இருந்திருப்பார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும். எவெலியோ அதைச் சுற்றித் தரையில் மஞ்சள் சாக்பீஸால் கோடு போட்டு, 'மஞ்சள் கோட்டைத் தாண்டினா டிரைவர் வண்டியை எடுக்கமாட்டான்' என்று சொல்லி வைத்திருந்தார். லியானெத் தாண்டமாட்டாள். தவழுகிற மத்தேயோவுக்குக் கோடு தெரியுமா? ஒரு வாரமாக எவெலியோ இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. "உன் மகன் கனம் அப்படி" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். "மொதல்ல அவன் ஊசி முடியட்டும்" என்றார். அவளும் அதோடு விட்டுவிட்டாள். ஏன் விட்டாள்?

வீடு நீளமான நடைபாதையில் ஏழாவது கதவு. கதவின் முன்னால் பக்கத்து வீட்டு நெல்டா செருப்பைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஊர்க்காரி, அறுபது வயது, எல்லார் வீட்டுக் குழம்பின் வாசமும் அவளுக்குத் தெரியும்.

"வந்துட்டியா. அரை மணி நேரமா தட்டறேன். உன் பொண்ணு திறக்கவே மாட்டேங்கறா. யார் வந்தாலும் திறக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காளாம். பூட்டுக்காரனுக்கும் சொல்லியனுப்பிட்டேன்."

"மத்தேயோ?"

"அழுதுட்டே இருந்தான்."

"இப்ப?"

நெல்டா குனிந்தாள். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

உள்ளே சத்தமே இல்லை. ஒடாலிஸ் சாவியை எடுத்தாள். சாவி துவாரத்தைச் சுற்றிச் சுற்றி இடித்ததே தவிர உள்ளே போகவில்லை. யார் வந்தாலும் திறக்காதே, எங்க அப்பா போலீஸ்னு சொல்லு, சத்தம் போடாதே என்று தினமும் காலையில் மந்திரம்போல ஓதிவிட்டுப் போனது அவள்தான். அன்னிய ஊர், எவன் எப்படியோ என்ற பயம். நெல்டா அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சாவியை உள்ளே தள்ளினாள்.

அறையில் நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருந்தன. இரண்டாவது நாற்காலியில் லியானெத், கோட்டு, தொப்பி, முதுகுப்பை எல்லாம் மாட்டிக்கொண்டு, முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முன் நாற்காலிக்குப் பக்கத்தில் எவெலியோ சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி எங்கடி?"

லியானெத் விரலை நீட்டினாள். எவெலியோவின் தொடையை ஒட்டி அவருடைய மேல்சட்டை கிடந்தது. அதன் அடியில் சின்னதாக ஒரு மேடு. முகம்வரை மூடியிருந்தது.

அந்த மூன்று அடியை எப்படிக் கடந்தாள் என்று ஒடாலிஸால் பிறகு சொல்ல முடியவில்லை. சட்டையை இழுத்தாள். மத்தேயோவின் நெற்றியில் திராட்சை அளவு வீக்கம். கன்னத்தில் மூக்கொழுகிக் காய்ந்திருந்தது. தொட்டாள். சூடாக இருந்தான். வெளிச்சம் பட்டதும் முகத்தைச் சுளித்து, கண்ணைத் திறந்து, அம்மாவைப் பார்த்ததும் இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்பதுபோல வீறிட்டான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டே மற்றொரு கையால் அண்ணனின் கையைப் பிடித்தாள். அத்தனை சூடான அறையில் அந்தக் கை மட்டும் சில்லென்றிருந்தது.

"அண்ணா," என்றாள். பிறகு ஊரில் சின்ன வயதில் கூப்பிடுவதுபோல, "யோயோ."

"நான் கதவைத் திறக்கலம்மா," என்றாள் லியானெத்.

"நல்ல பொண்ணு," என்றாள் ஒடாலிஸ். அதைச் சொல்லும்போது வெட்கத்தில் அவளுக்கு நாக்கு கூசியது.

நெல்டா ஹீட்டரை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். லியானெத்தைத் தூக்கப் போனாள். அவள் நாற்காலியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸில் வந்த இளைஞன் எவெலியோவைச் சோதித்துவிட்டு, இதயம்தான், ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்றான். குழந்தையின் நெற்றியையும் கண்ணையும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது சும்மா வீக்கம்தான் என்றான். பிறகு சுவரைப் பார்த்தான். எவெலியோவின் முதுகு உரசியதில் சுண்ணாம்பு உதிர்ந்த தடம் தோள் உயரத்திலிருந்து தரைவரை நேராக இறங்கியிருந்தது.

"குழந்தை அவர் கையிலயா இருந்தான்?"

லியானெத் தலையாட்டினாள். "குவாகுவா விளையாடினோம். பஸ் குவாகுவா. பத்து மணி வரைக்கும். மாமா நின்னுக்கிட்டே ஓட்டினாரு. தம்பி பாஸெஞ்சர். டிக்கெட் வாங்காத பாஸெஞ்சர்."

"அப்புறம்?"

"மாமா ஷ்ஷ்ஷ்னு பிரேக் போட்டாரு. தம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அப்படியே கீழ உக்காந்தாரு. ஸ்டாப் வந்துடுச்சுன்னு நெனச்சேன். ஆனா எறங்கலாம்னு மாமா சொல்லவே இல்ல. சொன்னாத்தானே எறங்கணும். அப்புறம் தம்பி அழுது அழுது நெளிஞ்சு, மாமா கையிலேருந்து விழுந்துட்டான். அப்பதான் எறங்கி உனக்குப் பேசினேன். தம்பிக்குக் குளிருமேன்னு சட்டை போத்திட்டுத் திரும்பப் போய் உக்காந்துட்டேன்."

"முன்பக்கமா விழுந்திருந்தா குழந்தை அடியில போயிருப்பான்," என்றான் இளைஞன், தன் பையை மூடிக்கொண்டே.

அன்று முழுக்க ஒடாலிஸ் மத்தேயோவைக் கீழே விடவில்லை. விட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. நெல்டா தேநீர் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குக் காப்பிதான் போடுவோம் என்று சொல்ல வாயெடுத்து, தேநீரையே குடித்தாள். ரெய்னியர் போனில் அழுதான், வடக்கிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னான். பூட்டுக்காரன் சாயங்காலம் வந்து, திறந்திருந்த கதவைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை இறப்பைப் பதிவு செய்யப் போனாள். ரெய்னியர் இன்னும் வந்து சேரவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. இருந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டாள். பதிவு அலுவலகத்தில் நாற்காலிகள் வரிசையாகத் தரையோடு பொருத்தப்பட்டிருந்தன. லியானெத் இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒடாலிஸ் மத்தேயோவை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்பின் முன் நின்றாள். உள்ளே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

"பேரு?"

"எவெலியோ பெட்ரோசோ."

"வயசு?"

"அம்பத்துநாலு."

"தொழில்?"

"குவாகுவாக்காரர்," என்றாள் ஒடாலிஸ். மத்தான்சாஸில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், அப்படித்தான் வாயில் வந்தது.

அந்தப் பெண்ணின் விரல் நின்றது. தலையைத் தூக்கி, மத்தேயோவின் நெற்றியில் நீலம் பாரித்திருந்த வீக்கத்தைப் பார்த்தாள்.

"கைக்குழந்தைங்களப் பாத்துக்கறவரா?"

இரண்டாவது வரிசையிலிருந்து லியானெத் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து அம்மா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

ஒடாலிஸ் வாயைத் திறந்தாள். மத்தேயோ அவள் காதைப் பிடித்து இழுத்தான்.

"ஆமா," என்றாள். "குழந்தைங்களப் பாத்துக்கறவரு."

அந்தப் பெண் தட்டச்சு செய்தாள். காகிதம் வந்தது. ஒடாலிஸ் கையெழுத்துப் போட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"வா, போகலாம்."

லியானெத் வரவில்லை. முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒடாலிஸ் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். சுற்றிலும் ஆட்கள் தங்கள் எண் வருகிறதா என்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எறங்கலாம், கண்ணு," என்றாள் ஒடாலிஸ்.

லியானெத் கையை எடுத்துவிட்டு, முதுகுப்பையைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியிலிருந்து இறங்கினாள்.