டாரிப் போர்டுக்கு ஒரு சாட்சி

விடியுமுன்னே இலஞ்சி நெசவாளர் தெருவில் பாவு நீட்டியாயிற்று. தெரு நீளத்துக்கு இழுத்த பாவு நூலில் கஞ்சி புளித்து மணத்தது. கிழக்கு முனைக் கயிற்றை வள்ளித்தாய் உடம்பைச் சாய்த்து இழுத்துப் பிடிக்க, அவள் புருஷன் நல்லகண்ணுவும் பக்கத்து வீட்டு மசூதும் இருபுறமும் பிரஷ் போட்டுக்கொண்டே போனார்கள். ஜப்பான் துணி வந்து விலை விழுந்ததென்று போன மாதம்தான் முதலாளி கூலியில் கை வைத்திருந்தார். அன்றிலிருந்து அவள் வீட்டில் ஒரு வேளைதான் உலை கொதித்தது.

வில்வண்டியிலிருந்து பால்வண்ணநாதன் முதலாளி இறங்கினார். இந்த மனுஷன் இத்தனை காலையில் வந்தால் யாருக்கோ கேடுகாலம்!

"ஏட்டி வள்ளி, குத்தாலத்து பங்களாவுக்கு டாரிப் போர்டு அதிகாரி வந்திருக்காரு. சீமைத் துணிக்கும் ஜப்பான் துணிக்கும் வரியைக் கூட்டலாமான்னு விசாரிக்கதுக்கு சர்க்காரு அனுப்புன ஆளு. உனக்குத்தான் வாய் உண்டே! கிழிஞ்ச சேலையா உடுத்திட்டு வந்து, ஜப்பான்காரன் வயித்துல அடிச்சிட்டான்னு அழு."

"அழுதா?"

"வரி ஏறும். நம்ம துணிக்கு விலை கூடும்."

"எங்க கூலி கூடுமா மொதலாளி?"

"அதைப் பொறவு பாப்போம். கூலி கொறச்ச கதையை அங்கன மூச்சு விடப்படாது. கேட்டா, பழைய கூலிதான்னு சொல்லணும்."

வள்ளித்தாய் கயிற்றை விடாமலே அவர் பக்கம் திரும்பினாள்.

"ஜப்பான்காரன் அடிச்சது நெசந்தான், சொல்லுதேன். நீங்க அடிச்சதையும் சேத்துச் சொல்லுதேன். அது கெடக்கட்டும், ஒங்க தோள்ல கெடக்கது எந்த ஊருப் பட்டு?"

மசூது சிரித்தே விட்டான். அது ஜப்பான் பட்டென்று தெருவுக்கே தெரியும். முதலாளியின் முகம் கறுத்தது.

"இனி என் தறியில உக்காராத! என் நூலை விடுட்டி!"

தறி போனால் அந்த ஒரு வேளை உலையும் போச்சு. அந்நேரம் பார்த்து மலையிலிருந்து சாரல் இறங்கியது. பாவை உடனே சுருட்ட வேண்டும். கயிற்றை விட்டால் அவ்வளவு நூலும் சேற்றில்தான்.

"விட்டிரவா, மொதலாளி?"

அவர் சேற்றைப் பார்த்தார். நல்லகண்ணு நிமிர்ந்தான்.

"அவ விட்டா நானும் பாவுல கை வைக்க மாட்டேன்."

"நானுந்தான்" என்றான் மசூது.

"எங்க தறியும் ஓடாது!" வாசல்தோறும் குரல் எழும்பியது.

"சரி, சரி... சுருட்டித் தொலைங்க!" என்று கத்திவிட்டு அவர் வண்டியேறினார்.

சுருட்டினார்கள். பாடுபட்ட நூலைச் சேற்றில் போட யாருக்குத்தான் மனம் வரும்? பாவை வீட்டுக்குள் வைத்துவிட்டு வள்ளித்தாய் குற்றாலத்துப் பாதையில் திரும்பினாள். நாளைக்குத் தறி இருக்குமா, அவள் சொல்வது அதிகாரி காதில் ஏறுமா, ஒன்றும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது.

"மதினி, சேலை மாத்தலையா?" என்றான் மசூது.

"ஊருக்கெல்லாம் நெய்யுதோம். எனக்கு மாத்துச் சேலை ஏதுடே? இருக்கது இந்தக் கிழிஞ்சது ஒண்ணுதான்."

சாரலில் அவள் நடந்தாள். தறிகளை நிறுத்திவிட்டுத் தெருவே பின்னால் வந்தது.