காது கேட்காதவளா அவள்?

கனடாவின் வின்னிபெக் நகரில் அந்தச் சின்ன நூலகத்தின் முகப்பு மேசையில் உட்கார்ந்திருந்த டோரீனுக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த சக ஊழியன் வெய்ன், எதிரே நின்ற எரித்திரியப் பெண்ணிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"வீடு! வீடு எங்க இருக்கு? வீ...டு!"

படித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அபெபா என்ற அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறா பாரு. எதையோ மறைக்கிறா," என்றான் வெய்ன், அவள் அங்கே இல்லாதது போல.

புதிதாகக் குடியேறியவர்களிடம் எப்படிப் பேசுவதென்று போன வாரம்தான் பயிற்சி கொடுத்தார்கள். இவன் முன்வரிசையில் உட்கார்ந்து டோனட் தின்றான்.

"அறிவிருக்கா உனக்கு?" டோரீன் எழுந்தேவிட்டாள். "அவங்க ஊர்ல மூஞ்சிய நேராப் பாக்காம இருக்கிறதுதான்யா மரியாதை!"

"நீ என்ன அவளுக்கு வக்கீலா?"

"ஆமா, வக்கீல்தான்! பாவம், புது ஊரு. ஒண்ணும் புரியாம பயந்துபோய் நிக்கிறாங்க..."

"நான் பயப்படல," என்றாள் அபெபா, நிறுத்தி நிதானமாக, ஆங்கிலத்திலேயே. அவள் குரலிலும் கோபம் இருந்தது. "எனக்குக் காது நல்லாக் கேக்கும். என்னை வச்சு ரெண்டு பேரும் சண்டை போடுறீங்க. என்ன வேணும்னு இன்னும் யாரும் கேக்கல."

டோரீனுக்கு முகம் சுட்டது.

"மன்னிச்சுக்குங்க. சொல்லுங்க, என்ன வேணும்?"

"கார் ஓட்டுற பரீட்சைக்குப் புத்தகம்."

டோரீன் எடுத்துவர நடந்தாள். கோபம் ஆறவில்லை, ஆனால் அதில் பாதி இப்போது தன் மேலேயே இருந்தது.