இரண்டு சேசிஸ், ஒரு ஏற்றம்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து லூயிஸ்டனில் மரம் ஏற்றும் லாரியை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள் வெர்னா. ஓய்வு பெற்றதும் வீடு போலவே வசதியுள்ள மோட்டார்ஹோம் வண்டி வாங்கப் போகிறாள் என்று தெரிந்தவுடன் காபிக்கடையில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். டீசல்தான் வாங்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

"நான் கட்டை ஏத்தப் போறதில்லப்பா. அக்காவை ஏத்திட்டுப் போறேன். பெட்ரோல் எஞ்சின்னா எந்தச் சின்ன ஊர்லயும் கழட்டி மாட்ட ஆள் கிடைப்பான்" என்று சொல்லிவிட்டு அவள் முட்டையைத் தின்றாள்.

அக்கா அயோன் முப்பது வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். நரம்பு நோய் வந்து ஆறு வருஷமாக மின்சார நாற்காலியில் இருக்கிறாள். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ஐடஹோவின் நாற்பத்து நான்கு மாவட்ட நீதிமன்றக் கட்டடங்களையும் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. "முப்பது வருஷம் ஒரே கூரையைப் பாத்துட்டேன். மத்த கூரையெல்லாம் எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்பாள்.

விற்பனை நிலையத்தில் கார்வின் என்பவன் இரண்டு வண்டிகளைக் காட்டினான். இரண்டிலும் ஒரே எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். முதலாவது முப்பத்து நான்கு அடி நீளம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சுவரில் பாதியளவுக்கு ஒரு ஜன்னல். வாசலில் கார்வினின் ஆட்கள் சாய்பலகை போட்டார்கள். அயோன் நாற்காலியை உள்ளே ஓட்டிப்போய் ஜன்னலோரம் நிறுத்தினாள். பிறகு நகரவில்லை.

"இதுதான்" என்றாள்.

வெர்னா ஜன்னலைப் பார்க்கவில்லை. கதவோரம் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் படித்தாள். ஆட்களும் சாமான்களுமாக ஏற்றக்கூடிய எடை ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது பவுண்டு.

"கார்வின், இதோட அடிச்சட்டம் மொத்தமா பதினெட்டாயிரம் பவுண்டு வரைக்கும் தாங்குற சேசிஸ்தானே?"

"ஆமா மேடம். ஆனா எஞ்சின் அதே எஞ்சின்தான். இழுவையில எந்த வித்தியாசமும் தெரியாது."

"இழுக்கிறதைப் பத்தி யாரு கவலைப்பட்டா? நிறுத்தணுமே."

பக்கத்தில் நின்ற இரண்டாவது வண்டி இரண்டடி குட்டை. சேசிஸ் இருபத்திரண்டாயிரம் பவுண்டுக்கானது. சக்கரம் பெரிது, பிரேக் பெரிது. உள்ளே பழுப்புப் பலகை, சாதாரண ஜன்னல். அயோன் அதை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, "பல் டாக்டரோட வெயிட்டிங் ரூம் மாதிரி இருக்கு" என்றாள்.

"அக்கா, உன் நாற்காலி முந்நூத்தி எண்பது. அதைத் தூக்கி ஏத்துற லிஃப்ட் நானூறு. தண்ணித்தொட்டி நிறைஞ்சா அறுநூத்தி இருபத்தஞ்சு. நாம ரெண்டு பேரும் முந்நூறுக்கு மேல. ஒரு டப்பா பீன்ஸ் வைக்கிறதுக்கு முன்னாடியே அந்த வண்டி அளவைத் தாண்டிடுது."

"பின்னாடி கூடுதலா ஸ்பிரிங் போட்டுக்கலாம். நிறைய பேர் போடுறாங்க" என்றான் கார்வின்.

"ஸ்பிரிங் போட்டா பின்பக்கம் தொங்காது. அச்சும் பிரேக்கும் அதேதானே?"

அயோன் சொன்னாள். "அப்ப என்னாலதான் இந்த அழகான வண்டி கிடையாது. அதை நேராச் சொல்லு."

"உன்னால இல்ல. வண்டியால. நீ நம்ப மாட்டே, வா, நிறுத்துப் பாப்போம்."

தொட்டியை நிரப்பி, லிஃப்டுக்குப் பதிலாக நானூறு பவுண்டு மணல் மூட்டை ஏற்றி, நாற்காலியைக் கட்டி, அக்காவைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தாள் வெர்னா. ஆற்றங்கரைக் கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் கார்வினை மட்டும் கீழே இறக்கிவிட்டு வண்டியை ஏற்றினார்கள். பதினெட்டாயிரத்து நூற்று எண்பது பவுண்டு.

"பாதித் தண்ணியோட போனா சரியாயிடும்" என்றாள் அயோன். முப்பது வருஷம் வக்கீல்கள் பேசியதை எழுதியவள் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட மாட்டாள்.

"சரி. பாதியைத் திறந்து விடுறேன். மலைமேல ஏறுற லூயிஸ்டன் ஏற்றத்துக்குப் போவோம்."

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. எஞ்சின் சத்தம் போட்டாலும் சளைக்கவில்லை. இறங்கும்போதுதான் வண்டி தன் குணத்தைக் காட்டியது. வெர்னா இரண்டாம் கியரில் பிடித்தும் அடிக்கடி பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. கோதுமை லாரி ஒன்று கடந்தபோது வால்பக்கம் ஆடியது. அடிவாரம் வந்தபோது பிரேக் வாடை உள்ளே வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கார்வின் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

அயோன் மடியில் கைகளைக் கோத்தபடி இருந்தாள். "இன்னொண்ணையும் ஓட்டு. இதே சாமானோட. தண்ணி முழுசா" என்றாள்.

இரண்டாவது வண்டி ஏற்றத்தில் சற்று மெதுவாகத்தான் போனது. உச்சியில், வண்டி நிறுத்தும் இடத்தில் திருப்பி நிறுத்தினாள் வெர்னா. கீழே இரண்டு ஆறுகளும் சேரும் இடம், பாலங்கள், மறுகரை மலைகள், எல்லாம் முன்கண்ணாடியில் விரிந்து கிடந்தன. அயோன் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"கார்வின், நான் உக்காந்திருக்கிற இந்த சீட்டைக் கழட்ட முடியுமா?"

"முடியும். ஏன் மேடம்?"

"என் நாற்காலியையே இந்த இடத்துல பூட்டிடலாம்ல. இந்த வண்டியிலயே பெரிய ஜன்னல் இதுதான். இதை விட்டுட்டு அந்தச் சாப்பாட்டு மேசை ஜன்னலுக்கு எதுக்கு நான் அலைஞ்சேன்?"

கார்வின் குனிந்து தரையைப் பார்த்தான். "பூட்டுக்கு அடியில இரும்புத் தகடு வைக்கணும். இதுக்குன்னே செய்யுற பட்டறை ஒண்ணு இருக்கு. இன்னொரு நூத்தைம்பது பவுண்டு கூடும்."

"கூடட்டும்" என்றாள் வெர்னா. "இந்த சேசிஸ் தாங்கும்."

இறக்கத்தில் அவள் கால் பிரேக்கைத் தொட்டது நான்கே தடவை. அயோன் எண்ணிச் சொன்னாள். பிறகு, "பலகைக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கலாம். இந்தப் பழுப்பு மட்டும் எனக்கு ஆகவே ஆகாது" என்றாள்.

பட்டறையில் ஆறு வாரம் ஆனது. மே மாதம் கிளம்பினார்கள். செப்டம்பருக்குள் பத்தொன்பது மாவட்டங்கள் முடிந்தன. வழியில் ஒரு சின்ன ஊரில் எஞ்சினின் தண்ணீர்க் குழாய் ஒன்று கசிந்தது. டிராக்டர் மெக்கானிக் ஒருவன் மத்தியானத்துக்குள் மாற்றிக் கொடுத்தான். மீதியை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொண்டு, பனிக்காலத்துக்குள் தெற்கே அரிசோனா போவதாகத் திட்டம். அயோன் அதற்குள் அங்குள்ள மாவட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டாள். "பதினஞ்சுதான்டி. ஒரு மாசத்துல முடிச்சிடலாம்" என்கிறாள்.