தம்தினின் அங்கிக்குள்

1

இந்தக் கதை பிறந்ததற்கு ஒரே காரணம், என் கைகளுக்கு வேலை இல்லாமல் போனதுதான். பிரசவம் பார்த்தாயிற்று. தாய் நோர்ஜ்மா அசந்து தூங்குகிறாள். ஏழு வாரம் முந்திப் பிறந்த பெண் குழந்தை தகப்பன் தம்தினிடம் இருக்கிறது. மாகாண ஆஸ்பத்திரி வண்டி பனியில் வந்துகொண்டிருக்கிறது, அப்படித்தான் போனில் சொன்னார்கள். மருத்துவச்சியான நான் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'மங்கோலியப் புல்வெளியின் மேல் வெண்பனி மெல்ல...'

(அடித்துவிட்டேன். பனியை வர்ணிக்கிறவர்கள் அதில் வண்டி ஓட்டியதில்லை.)

இரண்டாவது: 'எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைக்குச் சூடு தரும் பெட்டி இருக்கிறது.' இது உண்மை. போன மாதம் ஆய்வுக்கு வந்தவர்கள் அதற்கு முழு மதிப்பெண் போட்டார்கள்.

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று பெரிய டாக்டர் லுவ்சானை எழுதிப் பார்த்தேன். தேறவில்லை. பெட்டி வந்த அன்று எங்கள் வழக்கப்படி அதற்கு நீலப்பட்டு சாத்தி, எதிரில் பால் தெளித்து, அழுக்குப் படக்கூடாதென்று அறையைப் பூட்டியவர் அவர். ஒரு குழந்தையையும் அதில் படுக்கவைக்க விட்டதில்லை. எல்லாம் மரியாதைதான்.

(பால் தெளித்தவள் நான். இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.)

ஆடுகள் குட்டி போடுகிற நேரம் என்று அவர் சாவியோடு மந்தைக்குப் போய்விட்டார். பூட்டை உடைக்கலாமே என்பீர்கள். உடைத்தோம். பெட்டியின் வயரை எலி தின்றிருந்தது. நீலப்பட்டை மட்டும் தொடவில்லை.

4

தம்தின் அந்த வயரைப் பார்த்தான். பிறகு தன் ஆட்டுத்தோல் அங்கியின் பொத்தான்களைக் கழற்றினான்.

"குடுங்கக்கா."

"என்னப்பா பண்ணப்போற?"

"குளிர்ல பொறந்த குட்டிய என்ன பண்ணுவோமோ, அதத்தான்."

"இது ஆட்டுக்குட்டி இல்லப்பா."

"தெரியுது. ஆட்டுக்குட்டின்னா இதவிடப் பெருசா இருக்கும்."

நான் படித்த பாடத்திலும் அதுதான் இருந்தது: வெறும் மார்பில், தோலோடு தோலாக. ஆட்டு வாடை பற்றிப் பாடத்தில் ஒன்றும் இல்லை. தலைக்குத் தொப்பி போட்டுக் கொடுத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

5

முடிவு ஒன்று: வண்டி வருகிறது. குழந்தை பிழைக்கிறது. பெயர் வைக்கிறார்கள்.

முடிவு இரண்டு: வண்டி வருகிறது. குழந்தை

(இதற்கு மேல் எழுத மாட்டேன்.)

சற்று முன் அங்கியை விலக்கிப் பார்க்கப் போனேன்.

"தெறக்காதீங்கக்கா, சூடு போயிரும். மூச்சு என் நெஞ்சுல படுது."

கையை எடுத்துக்கொண்டேன். முடிவு அந்த அங்கிக்குள் இருக்கிறது, நான் திறப்பதாக இல்லை. தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்கிறவர்கள் வெளியே போய் வண்டி வருகிறதா என்று பாருங்கள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.