வீட்டுக்குள் விழுந்த கூரை

ஒருவர் பிழை விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் மனைவி ராசமணியால் முடியாது. நான் வெங்காயம் வெட்டினால் கத்தியைப் பறிப்பாள். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவாமியார் ஏதாவது ஓர் ஆண்டை மாற்றிச் சொல்லிவிட்டால், முன் வரிசை வாங்கில் இருந்தபடியே சரியான ஆண்டை முணுமுணுப்பாள். பாவம் மனிசன், இப்போதெல்லாம் ஆண்டு சொல்வதற்கு முன் ஒருமுறை அவளைப் பார்த்துக்கொள்கிறார். யாழ்ப்பாணத்தில் அவள் கணித ஆசிரியை. பிள்ளை பிழை விட முதலே பிடித்துவிடுவாள் என்று பெயர் எடுத்தவள். அப்படிப்பட்டவளுக்கு நியூசிலாந்தின் ஓக்லாந்தில் வந்து வாய்த்த பாடம் என்ன தெரியுமா? மாணவர்களைப் பிழை விட விடவேண்டுமாம்!

இது தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கதை. பகலில் அவள் விரி என்ற இடத்தில் ஒரு பண்டசாலையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாள். பின்னேரங்களில் பொலிடெக்னிக்கில் கொம்பியூட்டர் புரோகிராமிங் படித்தாள். படிப்பு முடிந்ததும் கிளென் ஈடனில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த பள்ளிக்கூடத்தில், பெரியவர்களுக்கான கொம்பியூட்டர் மாலை வகுப்பு ஒன்றை ஒரு தவணைக்கு நடத்திப் பார்க்கச் சொன்னார்கள். பொறுப்பாக இருந்த மார்கரெட் என்ற அம்மா ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். கடைசி வகுப்புக்கு நான் வந்து பின்னால் இருந்து பார்ப்பேன், பிடித்தால் பெப்ரவரியில் பள்ளிக்கூடத்திலேயே கணிதமும் கொம்பியூட்டரும் படிப்பிக்க எடுப்பேன், பிடிக்காவிட்டால் நன்றி வணக்கம் என்றார். ராசமணி அதைக் கேட்டுவிட்டு வந்து இரவு சாப்பிடவில்லை. திரும்பவும் ஒரு கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த நாட்டில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

ஆள் போதாவிட்டால் வகுப்பே நடக்காது. விளம்பரத்தைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரரும் வரவில்லை. ஆகவே முதல் மாணவன் நான். எல்லர்ஸ்லியில் ஒரு கொம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். இளைப்பாறிய போஸ்ட்மாஸ்டர் ஜெயரட்ணம் அண்ணை வந்தார். மதுரையிலிருந்து வந்த மரகதம் வந்தாள். அவளுடைய கணவர் கொம்பியூட்டர்காரர். வீட்டில் அவர் பேசுவது ஒன்றும் விளங்குவதில்லையாம், விளங்கினால் சண்டை பிடிக்க வசதி என்றாள். இப்படியே இன்னும் சில பேர், எல்லோரும் எங்கட ஆட்கள்.

வகுப்பில் கொம்பியூட்டர் திரையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அதற்குப் பெயர் ஆமை. இத்தனை அடி முன்னே போ என்றால் கோடு கீறிக்கொண்டு போகும். வலப்பக்கம் இவ்வளவு திரும்பு என்றால் திரும்பும். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, தானாக ஒன்றும் யோசிக்காது. கலியாணம் கட்டிய ஆண்களுக்கு இதில் விளங்காதது ஒன்றும் இல்லை.

கரைச்சல் எங்கே என்றால், பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலையாக உடைத்து ஆமைக்குச் சொல்ல வேண்டும். பிழைத்தால், எந்த இடத்தில் பிழைத்தது என்று நாங்களே தேடிப் பிடிக்க வேண்டும். ஆசிரியை விடை சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்கலாம். ராசமணிக்கு அது உபவாசத்திலும் கொடுமை. நாங்கள் பிழை விடும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகம் சிவந்து, “இப்ப நீங்கள்தான் ஆமை. எங்க நிக்கிறியள், எந்தப் பக்கம் பாக்கிறியள்?” என்று கேட்பாள். வகுப்பில் அடக்கியதை எல்லாம் வீட்டுக்கு வந்து என் வெங்காயத்தில் தீர்த்துக்கொள்வாள்.

கடைசி வகுப்புக்கு ஒரு வீடு கீற வேண்டும், சுவரும் அதன்மேல் கூரையும், என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதைச் சொன்ன அன்று வகுப்பு முடிந்ததும் கார் நிறுத்துகிற இடத்தில் ஜெயரட்ணம் அண்ணை எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். பரீட்சை என்றால் பரீட்சைதான், ராசமணிப் பிள்ளையின் மானம் எங்கள் கையில் இருக்கிறது, ஒரு சரியான விடையை எடுத்து எல்லோரும் பாடமாக்கிவிட வேண்டும் என்றார். எங்களில் ஒருவருக்கும் எங்கள் மூளையில் நம்பிக்கை இல்லை. மரகதத்தின் கணவர் ஒரு பொட்டுப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தார். ரயிலில் எல்லர்ஸ்லிக்குப் போகும்போதும் வரும்போதும் நான் அதைச் செபம் மாதிரி முணுமுணுத்தேன். ராசமணிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அந்த நாளும் வந்தது. மார்கரெட் பின் வரிசை வாங்கில் ஒரு கோப்போடு இருந்தார். ராசமணி கணக்கைச் சொல்லி வாய் மூடவில்லை, படபடவென்று எல்லோரும் தட்டத் தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் திரைக்குத் திரை ஒரே அளவில், ஒரே இடத்தில், ஒரே வீடு. ராசமணி ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது வீட்டிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. படிப்பித்தவளுக்குத் தெரியாதா, தன் மாணவர்கள் இப்படிப் பிழையில்லாமல் செய்யமாட்டார்கள் என்று?

மார்கரெட் எழுந்து ஜெயரட்ணம் அண்ணையிடம் போனார். அழகான வீடு, இதைப் பாதியாகச் சிறிதாக்க முடியுமா என்று கேட்டார். அண்ணை சுவரின் அளவை மட்டும் பாதியாக்கினார். கூரை பழைய அளவில், பழைய உயரத்தில், சுவருக்கு மேலே அந்தரத்தில் பட்டம் விட்டுக்கொண்டு நின்றது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, அண்ணை முகட்டைப் பார்த்து முதல் வரியிலிருந்து ஒப்புவிக்கத் தொடங்கினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதை அன்று கண்ணால் கண்டேன். மார்கரெட் கோப்பில் என்னவோ எழுதினார்.

என் கதை வேறு. பாடமாக்கியதில் ஒரு வரி வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. என் கூரை வீட்டுக்குள்ளே விழுந்து கிடந்தது. இந்தக் கொம்பியூட்டர் சரியில்லை என்று பக்கத்தில் இருந்த மரகதத்திடம் சொன்னேன். “ஆமாண்ணா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்,” என்றாள் அவள்.

ராசமணி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஒரு பார்வையிலேயே அவள் பிழையைக் கண்டுவிட்டாள் என்று மூச்சிலேயே தெரிந்தது. மார்கரெட்டும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் திருப்பாமல் மெதுவாக, “அவவுக்குத் தமிழ் விளங்காது. ஒரு வரிதானே, சொல்லிவிடும்,” என்றேன்.

அவளுடைய வாய் திறந்தது. இத்தனை வருசம் என்னோடு வாழ்ந்ததில் அந்த வாய் திறந்து ஒரு திருத்தமும் வராமல் மூடியதை நான் கண்டதே இல்லை. அன்று மூடியது. பிறகுதான் பேசினாள்.

“வேலை கிடைக்காட்டிப் போகட்டும். நான் சொல்லமாட்டன். நீங்கள் யோசிச்சால் பிடிப்பியள்.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்ல நேரம் பார்த்து நீதி பேசுகிறாளே என்று. அடுத்த நிமிடம் அந்தக் கடைசிச் சொல் எனக்குள்ளே இறங்கியது. ஒன்றை நானாகச் செய்து முடிப்பேன் என்று ராசமணி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மேசைகளுக்கு நடுவில், எல்லோரும் பார்க்க, ஆமையாக நடந்தேன். முன்னே போனேன், வலப்பக்கம் திரும்பினேன், திரும்பத் திரும்ப அதையே செய்து சுவரைக் கட்டி முடித்தேன். தொடங்கிய மூலைக்கே வந்து நின்றேன். இனிக் கூரைக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று காலைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

“நான் கீழ நிக்கிறன்,” என்றேன். “நிலத்தில நிண்டுகொண்டெல்லோ கூரை போடப் பார்த்திருக்கிறன். முதலில் சுவரில ஏறவேணும்.”

ராசமணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் போய்ச் சுவரளவு மேலே போகச் சொல்லி ஒரு வரியைச் சேர்த்தேன். கூரை எழும்பிப் போய்ச் சுவர்மேல் குந்தியது. ஜெயரட்ணம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. அவரும் எழுந்து குட்டிக் குட்டி அடியாக ஒரு சுற்று நடந்தார். சுவர் பாதியென்றால் ஏறுகிற தூரமும் பாதிதானே, கூரையும் பாதிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடிப்போய்த் தட்டினார். மரகதம் தன் வீட்டுக்கு மாடி கட்டத் தொடங்கினாள்.

மார்கரெட் நேரே என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. நீர் எழும்ப முதல் ஆசிரியை உம்முடைய காதில் உம்முடைய மொழியில் ஏதோ சொன்னா, அது என்ன என்று கேட்டார். ராசமணி ஜன்னலைப் பார்த்தாள். அவள் விடையைச் சொல்லித் தந்துவிட்டாள் என்று இந்த அம்மா நினைத்தால், எல்லாம் போச்சு.

என் ஒஃபிஸ் இங்கிலிஷில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வேலை போனாலும் விடை சொல்லமாட்டேன் என்றாள், யோசித்தால் நீ பிடிப்பாய் என்றாள் என்றேன். இவ்வளவுதானா என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பத்திக்கொண்டு வந்தது. இல்லை, வேலை போனாலும் போகட்டும் என்று அவள் சொன்னது சுத்தப் பொய், வந்த நாளிலிருந்து விரியில் லேபிள் ஒட்டிக்கொண்டு இவள் வேறு எதையும் கேட்கவில்லை, இது ஒன்றைத்தான் கேட்டாள், சொல்லிவிடு என்று கெஞ்சியவன் நான்தான், அவள் சொல்லவில்லை என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மார்கரெட் திரையைக் காட்டி, அந்த வரி ஏன் வேண்டும் என்று கேட்டார். கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தினேன். சுவரின் உயரத்தை மாற்றினால் எதை எதை மாற்ற வேண்டும் என்று அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கேட்டு முடித்து, கோப்பை மூடி, ராசமணியிடம் போனார். பெப்ரவரியில் நீங்கள் வேண்டும், ஆனால் இந்த மனிதர்கள் மாதிரி பிள்ளைகளும் பாடமாக்கிக்கொண்டு வந்து உங்களை ஏமாற்றப் பார்ப்பார்கள், கவனம் என்றார்.

எல்லோரும் போன பிறகு ராசமணி கொம்பியூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தவள், நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்று அழத் தொடங்கினாள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோதுகூட அழாதவள். இது அழுகிற நேரமா, சிரிக்கிற நேரமல்லவா என்று திருத்த எனக்கு வாய் திறந்தது. என் வாயும் அன்று மூடிக்கொண்டது. அவள் அழுது முடியும்வரை கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.