ஐஸ்மேல் ஒரு நட்டு

முதலில் வந்த மெக்கானிக் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவதாக வந்தவர் அரைமணி நேரம் தட்டிக் கொட்டிப் பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்றார். அநியாயத்தைப் பாருங்கள்! ஒரே பெட்டி, ஒரே வாரம். ஒருவருக்கு அது நல்ல பிள்ளை, இன்னொருவருக்கு உயிர் போன கேஸ். மூன்றாவதாக வந்தவள்தான் கேள்வி அக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் பை நிறைய ஸ்க்ரூடிரைவரோடு வந்து, அதில் ஒன்றைக்கூட வெளியே எடுக்காமல் அரைமணி நேரம் கேள்வி கேட்டே ஆளைக் களைப்பாக்குகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? எந்தச் சாமானாக இருந்தாலும், அது எப்போது, யார் கையில், எப்படி மக்கர் செய்தது என்று தெரியாமல் அவள் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டாள். தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போனாலோ சாப்பாடு இறங்காது.

அன்றைக்குப் புதன்கிழமை. கதவைத் திறந்த பெண் இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு நின்றாள்.

"பகல்ல பார்த்தா கல்லு மாதிரி இருக்கு அக்கா. ராத்திரி வச்ச பால் காலையில நொளுநொளுன்னு உருகிக் கிடக்கு. மத்தியானம் பார்த்தா மறுபடி கல்லாயிடுது. இதை எந்த மெக்கானிக் கிட்ட சொன்னாலும் என்னைப் பைத்தியக்காரி மாதிரி பாக்கறாங்க."

"தினமுமா?"

"அங்கதான் கூத்தே. சில நாள் மட்டும்."

கேள்வி அக்காவின் கண் பளிச்சிட்டது. சில நாள் மட்டும்! பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள்.

ஃப்ரிட்ஜ் படுக்கையறையில் இருந்தது, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். எதிர்ச் சுவரில் ஏசி. அது ஏன் இங்கே என்று அக்கா கேட்காமல் இருப்பாளா?

"சமையலறை அடுப்பாட்டம் கொதிக்குது அக்கா. வீட்டுக்காரர்தான் இங்க தள்ளிக்கிட்டு வந்தாரு. பாவம், அதுவும் கொஞ்சம் நிழல்ல இருக்கட்டுமேன்னு."

"நியாயந்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எல்லாவற்றையும் குடைந்து குடைந்து கேட்கிறவள், அந்த ஒன்றை மட்டும் இப்படிக் கோட்டை விட்டாள்.

பால் விஷயம் இதுதான். அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். பட்டறைக்குப் புது மெஷின் வருகிறது. வெளியூரில் மூன்று நாள் பயிற்சி எடுத்து வருகிறவர் கையில்தான் அந்த மெஷினைக் கொடுப்பார்கள். ஏழு வருஷமாகக் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. அடுத்த வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். குழந்தையோ பவுடர் பாலைக் காட்டினாலே முகத்தைக் கோணிக்கொண்டு துப்பிவிடுகிறது. அதனால் தாய்ப்பாலை எடுத்துச் சின்னச் சின்னப் பைகளில் நிரப்பி, தேதி எழுதி, ஐஸ் பெட்டியில் மூன்று வாரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். சேர்த்ததில் பாதிக்கு மேல் சாக்கடைக்குப் போனது.

"கொட்டும்போது அழுகையா வருது அக்கா. இது சரியாகலேன்னா நான் போக முடியாது. இந்த வாரத்துக்குள்ள பட்டறையில சொல்லணும்."

பால் உருகிய ராத்திரிகளை எல்லாம் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள். அக்கா எழுந்துபோய்ப் பார்த்தாள். அதே காலண்டரில் நீல மையில் சில தேதிகளைச் சுற்றி வட்டம் இருந்தது.

"இந்த நீலம் என்னம்மா?"

"அவரோட நைட் ஷிஃப்ட். பஸ் டிப்போல வேலை."

அக்கா விரலை வைத்து ஒவ்வொரு தேதியாக நகர்த்தினாள். நீல வட்டம் இருந்த ஒரு நாளிலும் சிவப்பு இல்லை. சிவப்பு விழுந்த ஒரு நாளிலும் நீலம் இல்லை. வீட்டுக்காரர் வெளியே இருந்தால் பால் பிழைக்கிறது. வீட்டில் படுத்தால் உருகுகிறது. அக்கா காலண்டரிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். இதை வாய் விட்டுச் சொன்னால் குடும்பத்துக்குள் வத்தி வைத்தது போலாகும். சொல்லாமல் இருந்தாலோ மண்டை வெடித்துவிடும்.

கடைசியில் அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். பையைத் துழாவி ஒரு இரும்பு நட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"சாயங்காலம் தண்ணி உறைஞ்சதும் இதை மேல வை. தினமும் காலையில பாரு. நட்டு மேலேயே உட்கார்ந்திருந்தா உருகலேன்னு அர்த்தம். உள்ள இறங்கியிருந்தா, ராத்திரி என்னமோ நடந்திருக்கு."

வியாழக்கிழமை காலை ஃபோன் வந்தது: நட்டு மேலே இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. இரண்டு இரவும் நீல வட்டம். சனிக்கிழமை காலை ஃபோனில் குரல் மாறியிருந்தது.

"அக்கா, நட்டு அடியில கிடக்கு. கொஞ்சம் வர்றீங்களா?"

அக்கா போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் மனைவியின் ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் ஆணியிலிருந்து கழற்றிய காலண்டர். அக்கா மறைத்து வைத்த கணக்கை அவளே போட்டுப் பார்த்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. நான் ஊருக்குப் போகக்கூடாதுன்னு நீங்கதானே ராத்திரி ப்ளக்கைப் புடுங்கி விடறீங்க?"

அக்காவுக்கு அந்த இடத்தில் நிற்கக் கால் கூசியது. ஆனாலும் போகவில்லை. பதில் தெரியாமல் போக அவளால் எங்கே முடிகிறது!

"நானா? அடிப்பாவி! பால் கெட்டுடக்கூடாதுன்னு ராத்திரி பூரா ஏசியைப் பதினாறுல வச்சு, காத்தை நேரா ஃப்ரிட்ஜ் மேல திருப்பிவிட்டுட்டு, நான் ரெண்டு போர்வையில நடுங்கிக்கிட்டுக் கிடக்கேன். என்னைப் பாத்து இப்படிக் கேக்கறியே!"

"தம்பி, எவ்வளவுல?" என்றாள் அக்கா.

"பதினாறு."

"நீங்க இல்லாத ராத்திரி?"

"எனக்குக் குளிர் ஆகாது அக்கா. ஃபேன் மட்டும்தான்" என்றாள் மனைவி.

அக்கா அப்போதுதான் கட்டிலைப் பார்த்தாள். கொளுத்துகிற கோடையில், மடித்து வைத்த இரண்டு கம்பளிப் போர்வை. தலையணை மேல் குழந்தையின் கம்பளிக் குல்லா. புதன்கிழமை அதே கட்டிலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாளே, அப்போது கண் எங்கே போயிருந்தது? தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

"ஜன்னலைச் சாத்துங்க. ஏசியைப் போடுங்க. ராத்திரி வைக்கிற மாதிரியே."

போட்டார்கள். மூன்று பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். குழந்தைக்குக் குல்லா மாட்டினார்கள். ஃப்ரிட்ஜ் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அடங்கியது. பத்து நிமிடம் போயிற்று. இருபது நிமிடம். ஒரு மணி நேரமும் போயிற்று. அது மூச்சே விடவில்லை.

"கேக்குதா?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான் சமாச்சாரம்." அக்கா எழுந்து கீழ்க்கதவைத் திறந்து, உள்ளே இருந்த சின்னக் குமிழைக் காட்டினாள். "மோட்டாருக்கு ஓடு, நில்லுன்னு சொல்றது இது ஒண்ணுதான். இதுக்குக் கீழ்த்தட்டோட சூடு மட்டும்தான் தெரியும். ரூமே குளுந்து கிடந்தா கீழ்த்தட்டும் குளுந்தே கிடக்கும். வேலை இல்லை, தூங்குன்னு மோட்டார்கிட்ட சொல்லிடும். மேல ஐஸ் பெட்டி உருகி ஓடறது இதுக்கு எங்க தெரியப்போகுது? காலையில ஏசியை நிறுத்தினதும் ரூம் சூடாகும், மோட்டார் முழிச்சுக்கும், எல்லாம் மறுபடி உறையும். பகல்ல வர்ற மெக்கானிக் என்னத்தைக் கண்டான்? புதன்கிழமை நானே என்னத்தைக் கண்டேன்!"

"அப்போ… குளிர வச்சுத்தான் கெடுத்தேனா?" என்றார் வீட்டுக்காரர். முகம் சுண்டிப்போயிருந்தது.

"நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சீங்க தம்பி. ஆனா சூட்டுக்குப் பயந்தா கதவுக்கு ரப்பர் மாத்தலாம், பின்னாடி காத்துக்கு இடம் விடலாம். படுக்கையறைக்கே எதுக்குக் கொண்டுவந்தீங்க?"

புதன்கிழமை விட்டுப்போன கேள்வி அது. அவர் குழந்தையின் குல்லாவைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

"சூடுன்னு இவகிட்ட சும்மா சொன்னேன் அக்கா. மூணு நாள் ராத்திரி நான் தனியா இருக்கணும். பாப்பா எழுந்து அழுதா, குழந்தையைக் கட்டில்ல விட்டுட்டு பால் எடுக்க சமையலறை வரைக்கும் எப்படிப் போறது? அதுக்குள்ள உருண்டு விழுந்துட்டா? பயமா இருக்குன்னு சொன்னா இவ ஊருக்குப் போகமாட்டா. அதான் கையெட்டற தூரத்துல கொண்டுவந்து வச்சேன்."

மனைவி காலண்டரை மெதுவாகக் கட்டில் மேல் வைத்தாள்.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்றாள் பிறகு. அழுதுகொண்டே அவர் தோளில் கிடந்த போர்வையை எடுத்து மடித்தாள்.

மூன்று பேருமாகச் சேர்ந்து ஃப்ரிட்ஜைச் சமையலறைக்குத் தள்ளினார்கள். பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு நிறுத்தி ப்ளக்கைச் செருகியதும், அந்த வெக்கையில் அது உற்சாகமாக உறுமத் தொடங்கியது. அக்கா கடைசிவரை பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்கவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாளும் நட்டு ஐஸ் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்திருப்பதாக ஃபோன் வந்தது. புதன்கிழமை இரவுக்குள் பதினோரு பை சேர்ந்துவிட்டது. வியாழக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் அந்தப் பெண் பயிற்சிக்குக் கிளம்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்துத் தெருவில் அக்காவுக்கு ஒரு வாஷிங் மெஷின் வேலை இருந்தது. போகிற வழியில் நட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த வீட்டுப் பக்கம் திரும்பினாள். நட்டாவது ஒன்றாவது! அவள் பையில் அதுபோல நூறு கிடக்கிறது. என்ன ஆயிற்றென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கதவு ஒருக்களித்திருந்தது. படுக்கையறையில் ஏசி ஓடவில்லை, கட்டிலில் மெத்தையும் இல்லை. மெத்தை சமையலறையில் கிடந்தது. சமையல் மேடைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில், தரையோடு தரையாக, இரண்டு பக்கமும் தலையணை அணை கட்டி, நடுவில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. டேபிள் ஃபேன் முழுக்க அதன் பக்கமே திரும்பியிருந்தது. பதினாறு டிகிரியில் படுத்துப் பழகிய மனுஷன் பனியன் ஒட்டிக்கொள்ள, வியர்வையில் தொப்பலாக நனைந்து, ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். காதில் ஃபோன்.

"ம்… ரெண்டு தடவை எழுந்தா. குடிச்சுட்டு உடனே தூங்கிட்டா. நட்டா? மேலேயேதான் இருக்கு. நீ கிளாசைக் கவனி… நானா? எனக்கென்ன, ஏசியில ஜிலுஜிலுன்னு படுத்திருக்கேன்."

அக்காவைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார். அக்கா வாயில் விரலை வைத்துக் குழந்தையைக் காட்டினாள். அவளுக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, நட்டை வாங்காமலே வாஷிங் மெஷின் வீட்டுக்கு நடந்தாள்.