காதில் சொன்ன வழி

ஐகனிஷுக்கு விடை தெரியும். அதுதான் சிக்கல்.

வாயைத் திறந்தால் ஜிபரும் பெக்தூரும் எழுந்து போய்விடுவார்கள். திறக்காதவரை அவள் மேசையைவிட்டு நகர மாட்டார்கள்.

அப்பாவும் அம்மாவும் வேலை தேடி மாஸ்கோ போனபிறகு, இந்த இலையுதிர் காலத்தில்தான் நாரின் மலையிலிருக்கும் சித்தப்பா வீட்டுக்கு வந்தாள். வகுப்பில் அடுப்போரத்து மேசை அவளுக்கு. பக்கத்து நாற்காலியில் அவள் பை மட்டும் உட்கார்ந்திருக்கும்.

இன்று அந்தப் பையைக் கீழே இறக்கிவிட்டு ஜிபரை அங்கே உட்காரவைத்தார் ஆசிரியை நார்கிஸா. பிள்ளைகள் அவரை ‘எஜே’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே பெக்தூர். மேசைமேல் சாக்பீஸால் மலையும் மூன்று பாதைகளும் வரைந்தார்: பாலம், கணவாய், பள்ளத்தாக்கு. பெக்தூர் தான் விளையாடும் ஆட்டுக் கணுக்கால் எலும்புகளைக் கொட்டினான். அவைதான் மந்தை. மேய்ச்சல் மலையிலிருந்து ஊருக்கு இறக்க வேண்டும். ஆளுக்கொரு தகவலைக் காதில் சொல்லிவிட்டு எஜே ஒதுங்கிக்கொண்டார். மூன்றையும் சேர்த்தால்தான் வழி கிடைக்கும்.

“பாலத்தை ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு,” என்றான் பெக்தூர்.

“மூணு நாள்ல பனி கொட்டும். அதுக்குள்ள இறக்கிடணும்,” என்றாள் ஜிபர். “நீ சொல்லு.”

இரண்டு தலைகள் அவள் முகத்தருகே குனிந்தன. ஜிபரின் கம்பளிச் சட்டையில் பொரித்த ரொட்டி மணத்தது.

“மறந்துடுச்சு,” என்றாள் ஐகனிஷ்.

“இப்பத்தானே காதுல ஊதினாங்க? எங்க வீட்டு ஆட்டுக்கே உன்னைவிட ஞாபகம் ஜாஸ்தி,” என்றான் பெக்தூர்.

எஜே வந்தார். விடையைச் சொல்ல மாட்டார். ஏறுவதற்கு ஒரு படி மட்டும் வைப்பார்.

“இன்னும் எத்தனை வழி மிச்சம்?”

“ரெண்டு, எஜே.”

“அதைப் பத்தி நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?”

“தூரம்...”

அது போதும் என்று நினைத்து எஜே நகர்ந்தார். ஐகனிஷ் மறுபடி வாயை மூடிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்சமே கொஞ்ச நேரம்.

மற்ற குழுக்கள் முடித்துவிட்டு முற்றத்துக்கு ஓடின.

“இவளை விடு ஜிபர். குத்துமதிப்பா கணவாய்ல ஏத்திடலாம்.”

இருவரும் அவளுக்கு முதுகைக் காட்டினார்கள். எலும்புகள் ஒவ்வொன்றாகக் கணவாயில் ஏறின.

“வேணாம்.” அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “கணவாய்ல போனா நாலு நாள் ஆகும். பனியில எல்லாம் செத்துடும். பள்ளத்தாக்குல ரெண்டே நாள்.”

பெக்தூர் முறைத்தான். பிறகு சிரித்தான். “கல்லுக்குள்ள வாய் இருந்திருக்கு பாரேன்.”

மந்தை ஊர் சேர்ந்தது. எலும்புகளை அவசரமாக அள்ளிக்கொண்டான். இருவரும் ஓடிவிட்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“முதல்லயே ஞாபகம் இருந்துச்சு, இல்ல?” என்றார் எஜே.

“சொன்னா போயிடுவாங்க, எஜே.”

ஈரத் துணியால் மலையைத் துடைத்தார். ஊர் இருந்த மூலையில் ஐகனிஷின் உள்ளங்கை அழுந்தியிருந்தது.

“கையை எடும்மா.”

எடுத்தாள். கீழே ஓர் எலும்பு. எஜே அதைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தையும் பார்த்தார். அதைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

ஐகனிஷ் எலும்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆட்டம் தொடங்கும் முன் பெக்தூர் எண்ணுவான். எண்ணித்தான் ஆக வேண்டும். ஒன்று குறைந்தால் இங்கேதான் தேடி வருவான்.

தரையில் கிடந்த பையை அவள் நாற்காலிமேல் எடுத்து வைக்கவில்லை.